சீட்டாட்டத்தில் போங்கு: கண் வைக்க வேண்டிய இடங்கள்

ஏமாற்றுகிறவரின் விரல்களை முறைத்துப் பார்த்து யாரும் போங்கைக் கண்டுபிடித்ததில்லை. மேடையில் சீட்டு வித்தை செய்கிறவள் என்பதால் இதை அடித்துச் சொல்வேன். நன்றாகப் பழகிய கை, நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடிச்சீட்டை உருவிப் போட்டுவிடும். உங்கள் கண்ணுக்கு ஒன்றும் தட்டுப்படாது. ஆனால் அந்தக் கைக்குச் சில வசதிகள் வேண்டும். அடியில் என்ன சீட்டு இருக்கிறது என்று தெரிய வேண்டும். வெட்டிய பிறகும் அந்தச் சீட்டு அதே இடத்தில் இருக்க வேண்டும். நீங்கள் ஒரு நொடி வேறு பக்கம் திரும்ப வேண்டும். இந்த வசதிகளைக் கொடுக்காமல் இருந்துவிட்டால் எப்பேர்ப்பட்ட கைகாரரும் மற்றவர்களைப் போலத்தான் ஆடியாக வேண்டும்.

நிகழ்ச்சி முடிந்ததும் என்னிடம் வந்து பேசுகிறவர்களில் பலர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "நாங்க ஆடுற இடத்துல ஒருத்தரே ஜெயிக்கிறார், அது போங்கா?" இவர்களில் சிலர் உண்மையிலேயே ஏமாந்தவர்கள். சிலரோ நேர்மையாக ஆடும் நண்பர்மீது வீணாகச் சந்தேகப்படுகிறவர்கள். இரண்டுமே எனக்கு வருத்தம் தருகிற விஷயம் என்பதால் எனக்குத் தெரிந்ததை முழுதாக எழுதிவிடுகிறேன்.

கட்டு கைக்கு வந்ததும்

தொடங்குமுன் சீட்டுகளை எண்ணுங்கள். மொத்தமாக 52 என்று எண்ணி முடிக்காமல் இஸ்பேட், ஆர்ட்டின், டைமண்ட், கிளாவர் என்று நான்கு வரிசையாகப் பிரித்து அடுக்குங்கள். ஒரு ஏஸ் கூடுதலாக நுழைந்து ஒரு மூன்று வெளியே போயிருந்தாலும் மொத்தக் கணக்கு சரியாகத்தான் வரும். வரிசையாக அடுக்கினால்தான் எது இரட்டித்திருக்கிறது, எது காணோம் என்பது தெரியும்.

நடுவில் சந்தேகம் வந்தாலும் ஆட்டத்தை நிறுத்தி எண்ணலாம். உள்ளங்கையிலோ மடியிலோ சீட்டை ஒளித்தவர் அதைத் திரும்ப நுழைக்கும்வரை ஒன்று குறைந்தே இருக்கும். 1888-இல் சான் பிரான்சிஸ்கோவில் கெப்ளிங்கர் என்ற சூதாடி இதற்காகச் சட்டைக் கைக்குள் ஒரு பொறியே பொருத்தியிருந்தார். முழங்கால்களை விரித்தால் கவ்வி ஒன்று வெளியே வந்து சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடும். சக சூதாடிகள், அவர்களும் பழம் தின்று கொட்டை போட்டவர்கள்தான், உட்கார்ந்து உற்றுப் பார்த்தும் எதுவும் பிடிபடவில்லை. கடைசியில் ஆளை அமுக்கிப் பிடித்துச் சோதித்துத்தான் பொறியைக் கண்டார்கள். பார்வையை மட்டும் நம்பாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். இரண்டு கையும் எப்போதும் மேசைக்கு மேலே இருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் பொதுவாக ஒரு விதி வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை ஒழிந்தது.

அடுத்து முதுகுப் பக்கம். கட்டை ஒரு கையில் இறுக்கிப் பிடித்து, இன்னொரு கைக் கட்டைவிரலால் ஓரத்தை மடக்கி, சீட்டுகள் சரசரவென்று ஒவ்வொன்றாக விழும்படி விட்டுக்கொண்டே முதுகிலுள்ள பூவேலையை மட்டும் பாருங்கள். எல்லா முதுகும் ஒரே அச்சு என்றால் படம் அசையாமல் நிற்கும். எங்காவது ஒரு இதழைக் கூடுதலாக நிரப்பியிருந்தாலோ, ஒரு கோட்டை மறைத்திருந்தாலோ, பக்கங்களைப் புரட்டி ஓடவிடும் பொம்மைப் படம்போல அந்த இடம் மட்டும் துள்ளும். வித்தைக்காரர்கள் புதுக் கட்டு வாங்கியதும் முதலில் செய்து பார்ப்பது இதைத்தான். பிறகு ஓரங்களை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். நகக்கீறல், மூலை மடிப்பு, தேய்த்து மழுக்கிய விளிம்பு எல்லாம் கண்ணுக்கு முன்பே விரலுக்குத் தெரிந்துவிடும். ஆட்டத்தின்போது உங்கள் கையிலிருக்கும் சீட்டுகளின் முதுகையே ஒருவர் மேய்ந்துகொண்டிருந்தால் கட்டை மாற்றச் சொல்லுங்கள். நேர்மையாக ஆடுகிறவர் தன் சீட்டைப் பார்ப்பார், கீழே விழுந்த சீட்டைப் பார்ப்பார், உங்கள் முகத்தைப் பார்ப்பார். முதுகில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை.

யாரும் எதுவும் எழுதாமலே குறியாகிவிடும் கட்டும் உண்டு. முதுகில் வெள்ளைக் கரை இல்லாமல் விளிம்புவரை கட்டம் கட்டமாக அச்சடித்த சீட்டை எடுத்து, இன்னொன்றைத் தலைகீழாகத் திருப்பிப் பக்கத்தில் வையுங்கள். அச்சடித்த தாளைச் சீட்டுகளாக நறுக்கியது துல்லியமாக இல்லாத கட்டு என்றால் ஒரு நீளவிளிம்பில் முழுக் கட்டமும் எதிர் விளிம்பில் அரைக் கட்டமும் இருக்கும். வேண்டிய சீட்டுகளை மட்டும் ஒரு பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டால் போதும். போக்கர் நட்சத்திரம் ஃபில் ஐவி 2012-இல் லண்டன் கிராக்ஃபோர்ட்ஸ் சூதாட்ட விடுதியில் இந்த வழியில்தான் 77 லட்சம் பவுண்டு அளவுக்கு ஜெயித்தார். சீட்டைத் தொடக்கூட இல்லை. கூட வந்த பெண், ராசி என்று சொல்லி, சில சீட்டுகளை மட்டும் திருப்பி வைக்குமாறு விடுதி ஊழியரிடமே கேட்டுக்கொண்டார். விடுதி பணம் தர மறுத்தது. வழக்கு பிரிட்டன் உச்ச நீதிமன்றம்வரை போய், 2017-இல் அது ஏமாற்றுதான் என்று தீர்ப்பானது. உங்கள் தற்காப்பு எளியது: கலைக்கும்போது பாதிக் கட்டைத் தலைகீழாகத் திருப்பிச் சேருங்கள். வெள்ளைக் கரை வைத்த சீட்டையே வாங்குங்கள்.

கலைப்பும் வெட்டும்

போங்கு ஆடுகிறவர் வேலையைக் கலைக்கும்போது தொடங்குவதில்லை, முந்தைய ஆட்டத்துச் சீட்டுகளைப் பொறுக்கும்போதே தொடங்கிவிடுகிறார். ரம்மி முடிந்த மேசையைப் பாருங்கள். மூன்று ராணி ஒரு பக்கம், ஐந்து-ஆறு-ஏழு இன்னொரு பக்கம் என்று எல்லாம் செட் செட்டாகக் கிடக்கும். "நான் எடுக்கிறேன், நீங்க பேசிக்கிட்டிருங்க" என்று உதவிக்கு வருகிறவர் எதை எதன்மேல் வைக்கிறார் என்பதைப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே வழிப்பாகக் கூட்டி அள்ளினால் கவலையில்லை. இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று தேர்ந்து எடுத்து, கட்டைத் தட்டிச் சரிசெய்யும் சாக்கில் அடியை ஒருமுறை பார்த்துக்கொண்டால் கவனியுங்கள்.

பெரும்பாலோர் கலைப்பது, வலது கையால் கட்டைத் தூக்கி இடது கைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக விடும் முறையில். அதில் அடிச்சீட்டைக் காப்பாற்றுவது சிரமமே இல்லை. இடது கை விரல் நுனிகள் அடிச்சீட்டை லேசாக அழுத்திப் பிடித்துக்கொள்ள, மற்றவை மட்டும் மேலே போய் வரும். எத்தனை தடவை கலைத்தாலும் அடியில் அதே சீட்டு. இதை விரல் அசைவில் தேடாதீர்கள். கலைக்கத் தொடங்கும்போது அடிச்சீட்டு உங்கள் கண்ணில் பட்டால் அதை மனத்தில் வைத்துக்கொண்டு, முடிந்ததும் அதேதானா என்று பாருங்கள். ஒரு தடவை அப்படி இருப்பது சகஜம். அவர் போடும் ஒவ்வொரு ஆட்டத்திலும் அப்படி என்றால் சகஜமில்லை. இந்த முறையில் இன்னொரு ஓட்டையும் உண்டு. கலைப்பவர் யோக்கியராகவே இருக்கட்டும், சீட்டின் முகம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். அந்த நாற்காலிக்கு ஒருவர் அடிக்கடி போட்டி போட்டால் காரணம் அதுவாக இருக்கலாம்.

கட்டை இரண்டாகப் பிரித்து மூலைகளை மடக்கிச் சரசரவென்று பின்னிவிடும் ரிஃபிள் முறையில், கடைசியாக விழுவது எது என்று பாருங்கள். மேலே அடுக்கி வைத்த சீட்டுகளைக் காப்பாற்ற வேண்டியவர் அந்தக் கற்றையை எப்போதும் கடைசியில், தடியாக, ஒரே கையிலிருந்து விடுவார். ஒழுங்காகக் கலைத்தால் கடைசிச் சீட்டு ஒருமுறை இந்தக் கையிலிருந்தும் ஒருமுறை அந்தக் கையிலிருந்தும் விழும்.

எத்தனை தடவை கலைத்தால் போதும் என்பதற்குக் கணக்கே இருக்கிறது. 52 சீட்டு உருப்படியாகக் கலைய 7 ரிஃபிள் வேண்டும் என்று டேவ் பேயரும் பெர்சி டயகோனிஸும் 1992-இல் நிறுவினார்கள். டயகோனிஸ் கணிதத்துக்கு வருமுன் சிறுவயதிலேயே வீட்டைவிட்டுக் கிளம்பி டாய் வெர்னன் என்ற பெரும் வித்தைக்காரரோடு சுற்றியவர். எங்கள் பிள்ளை ஒருவர் கணக்கிலும் பேர் வாங்கினார் என்று எனக்கு அவர்மேல் தனிப் பாசம். ரிஃபிள் தெரியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். எல்லாச் சீட்டையும் மேசையில் கவிழ்த்துப் பரப்பி, இரண்டு உள்ளங்கையாலும் ஒரு நிமிடம் சுற்றிச் சுற்றிக் கலக்கிப் பிறகு அள்ளுங்கள். பார்க்கக் குழந்தை விளையாட்டு மாதிரி இருந்தாலும், அடுக்கி வைத்த எந்த வரிசையும் இதில் பிழைப்பது மகா கடினம். பெரிய சூதாட்ட விடுதிகளிலும் புதுக் கட்டை முதலில் இப்படித்தான் கலக்குகிறார்கள்.

வெட்டு என்பது சடங்கல்ல, பாதுகாப்பு. அதனால்தான் அதை உடைக்க இத்தனை வழிகள். விரல் சாகசம் செய்து மேல்பாதியையும் கீழ்பாதியையும் இடம் மாற்றுவது நாங்கள் ஆண்டுக்கணக்கில் பழகுகிற வித்தை. நடைமுறையில் ஏமாற்றுகிறவர்கள் அவ்வளவு பாடுபடுவதில்லை. வெட்டி வைத்த இரண்டு அடுக்குகளை, யாரிடமாவது ஏதாவது கேட்டுக்கொண்டே, பழைய வரிசையிலேயே எடுத்துச் சேர்த்துவிடுகிறார்கள். அவ்வளவுதான். எதிரே இருப்பவர்கள் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். இன்னொரு வழி, ஒரு சீட்டை லேசாக வளைத்து வைப்பது. வெட்டுகிறவர் கூட்டாளி என்றால் அந்த இடைவெளியில் சரியாக வெட்டுவார். கூட்டாளியே இல்லாவிட்டாலும் கை தானாக அந்த இடுக்கைத் தேடிப் போகும். கட்டைக் கண் மட்டத்தில் வைத்துப் பக்கவாட்டில் பார்த்தால் மெல்லிய பிளவு தெரியும்.

எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து: வெட்டுகிறவரே முழுதாக வெட்டி முடிக்கட்டும். மேல்பாதியைத் தூக்கிக் கீழே வைத்து, மிச்சத்தை அதன்மேல் அவரே எடுத்து வைக்க வேண்டும். அதுவரை போடுகிறவர் கட்டைத் தொடக் கூடாது. அடியில் கெட்டியான ஒரு பிளாஸ்டிக் அட்டையை வைத்துவிடுங்கள். அடிச்சீட்டை எட்டிப் பார்ப்பதும் போய்விடும், அடியிலிருந்து உருவுவதும் போய்விடும். வேறெதுவும் செய்ய நேரமில்லை என்றால் இந்த அட்டையை மட்டுமாவது வையுங்கள்.

போடும்போது கவனிக்க அதிகமில்லை. ஆள்காட்டி விரலைக் கட்டின் முன்விளிம்பில் வளைத்துப் பிடிப்பது கைகாரர்களின் பிடி என்பார்கள். நல்லவர்களும் அப்படிப் பிடிப்பதுண்டு, அதை மட்டும் வைத்து யாரையும் குற்றம் சொல்லாதீர்கள். தாளத்தைக் கேளுங்கள். எல்லோருக்கும் ஒரே சத்தத்தில் விழுகிற சீட்டு, ஒருவர் முறை வரும்போது மட்டும் கொஞ்சம் தாமதித்தோ கூடுதலாக உரசியோ விழுந்தால் அது மேற்சீட்டாக இல்லாமல் போகலாம். மேலே இருப்பதை நிறுத்திவைத்து இரண்டாவதைக் கொடுக்கும்போது மேற்சீட்டின் வெள்ளைக் கரை முன்னே வந்து பின்னே போகும். கரையில்லாத கட்டில் இது கண்ணுக்கே தெரியாது. சந்தேகம் இருந்தால் கட்டை மேசையில் வைத்தபடியே ஒவ்வொன்றாக எடுத்துப் போடச் சொல்லுங்கள்.

கைபேசிகள் மேசையில் இருக்கவே கூடாது. அணைத்துக் கிடக்கும் கருப்புத் திரை அருமையான கண்ணாடி. அதன் மேலாகச் சீட்டைத் தள்ளினால் முகம் பளிச்சென்று தெரியும். பழைய காலத்தில் மோதிரத்துக்குள் கண்ணாடி பதித்தவர்கள் பட்ட கஷ்டம் இன்றைக்கு யாருக்கும் தேவையில்லை.

கூட்டுக் களவாணிகள்

இதுவரை சொன்னதெல்லாம் சேர்ந்தாலும் இதற்கு ஈடாகாது. இரண்டு பேர் பேசி வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் எந்தக் கைத்திறனும் வேண்டாம், கட்டும் சுத்தமாக இருக்கும், வெட்டும் ஒழுங்காக நடக்கும். உங்கள் பணம் மட்டும் போய்க்கொண்டே இருக்கும்.

போக்கரில் இருவரும் மாறி மாறித் தொகையை ஏற்றி நடுவில் மாட்டியவரை நசுக்குவார்கள். அவர் விலகியதும் இருவரும் சாதுவாகிவிடுவார்கள், சீட்டைக் காட்டாமலே முடித்துக்கொள்வார்கள். மூன்றாமவர் இருக்கும்போது காட்டும் வீரமும் அவர் போனபின் வரும் அமைதியும் திரும்பத் திரும்ப ஒரே ஜோடியிடம் தென்பட்டால் அது தற்செயல் இல்லை.

ரம்மியில் கூட்டாளி செய்வது இரண்டு காரியம். தன் ஜோடிக்குத் தேவையான சீட்டை இறக்குவார், மூன்றாமவருக்குத் தேவையானதைக் கையில் தேக்கி வைப்பார். இரண்டுமே ஆட்டம் முடிந்தபின் கையில் எழுதி வைத்ததுபோல் தெரியும். அதனால்தான் தோற்றவர்கள் சட்டென்று சீட்டைக் கட்டோடு கலந்துவிடுவதை நான் எங்கும் அனுமதிப்பதில்லை. எல்லோரும் கையை விரித்து வையுங்கள், பிறகு புள்ளி எண்ணுங்கள். இஸ்பேட் எட்டும் ஒன்பதும் கையில் இருக்கும்போதே ஒருவர் இஸ்பேட் ஏழை இறக்கியிருக்கிறார், அதை எடுத்து அடுத்தவர் ஆட்டத்தை முடித்திருக்கிறார் என்றால், ஏழை ஏன் விட்டார்? ஒருமுறை என்றால் கவனக்குறைவு. ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். எப்போதும் ஒரே ஆளுக்குத்தான் அந்தக் கவனக்குறைவு பலிக்கிறதா என்பதைத் தாள் சொல்லும். விரித்து எண்ணினால் புள்ளியைக் குறைத்துச் சொல்வதும், ஜோக்கரை வைத்துச் செல்லாத செட்டைச் செல்லும் என்று சாதிப்பதும்கூடத் தானாக அடங்கும்.

சைகை எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு, இருவர் இருவராக ஜோடி சேர்ந்து ஆடும் பிரிட்ஜ் ஆட்டத்தின் வரலாறே பாடம். 1975 உலகப் போட்டியில் இத்தாலிய ஜோடி ஒன்றில் ஒருவர் மேசைக்கடியில் மற்றவர் காலைத் தொடுவது கண்ணில் பட்டது. கூட்டாளியின் முகம் தெரியாதபடி குறுக்கே தட்டி வைக்கும் வழக்கம் அந்தப் போட்டியில்தான் புதிதாக வந்திருந்தது. முகத்தை மறைத்தும் கால் பேசியதால், பிறகு மேசைக்கடியிலும் தடுப்பு வந்தது. அதோடு ஓய்ந்ததா? 2015-இல் உலகத்தரமான ஜோடிகள் அடுத்தடுத்துச் சிக்கின. ஒரு ஜோடி, ஒவ்வொருவருக்கான சீட்டையும் செருகி வைத்திருக்கும் பலகையை மேசையில் எந்த இடத்தில் வைக்கிறார்கள் என்பதன் மூலம் எந்த இனச் சீட்டைப் போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டது. ஃபான்டோனி - நூனஸ் ஜோடியில், முதலில் போடும் சீட்டு நெடுக்காகக் கிடக்கிறதா குறுக்காகக் கிடக்கிறதா என்பதில் அந்த இனத்தின் உயர்ந்த சீட்டு கையில் உண்டா இல்லையா என்ற தகவல் இருந்தது. அதைக் கண்டவர் நெதர்லாந்தில் பொழுதுபோக்குக்கு ஆடும் ஒரு பெண், நிபுணர்கூட இல்லை. ஆட்டங்களின் காணொளிகளை ஓடவிட்டு, சீட்டு கிடந்த திசையையும் கையில் இருந்த சீட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார். மேசையில் கூடவே உட்கார்ந்து ஆண்டுக்கணக்கில் ஆடிய ஜாம்பவான்களுக்கு அது தெரியவில்லை. உங்கள் மேசையிலும் இருமல், காதைத் தடவுவது என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள். ஒரு ஆட்டக்காரர் எதையெல்லாம் ஒருமுறை ஒருவிதமாகவும் மறுமுறை வேறுவிதமாகவும் வைக்கிறார் என்று பாருங்கள்: கையிலிருக்கும் சீட்டைக் கவிழ்த்து வைக்கும் கோணம், காயின்களை அடுக்கும் இடம், இறக்கும் சீட்டைத் தள்ளும் விதம். பிறகு அந்த ஆட்டத்தின் முடிவோடு சேர்த்துக் குறித்து வாருங்கள்.

திரையில் ஆடும் ஆட்டத்தில் இந்தச் சைகையெல்லாம் ஒரு தொலைபேசி அழைப்பில் முடிந்துவிடும். ஒரே வீட்டில் இரண்டு கணக்கு வைத்து ஒரே ஆளே ஆடலாம். அங்கே உங்கள் ஆயுதம் ஆட்ட வரலாறு மட்டுமே. அப்சல்யூட் போக்கர் தளத்தில் 2007-இல் நடந்த மோசடி வெளிப்பட்டது அப்படித்தான்: எல்லோருடைய சீட்டும் தெரிந்தவர்போல ஒருவர் ஆடிய போட்டியின் முழுப் பதிவு தோற்றவர் ஒருவரின் கைக்கு வந்தது, அதை மற்ற ஆட்டக்காரர்கள் அலசினார்கள். ஆட்ட வரலாற்றைத் தரவிறக்க விடாத செயலியில் பணம் வைத்து ஆடாதீர்கள்.

சந்தேகம் வந்தால்

தொடர்ந்து ஜெயிப்பது மட்டும் சாட்சியாகாது. நான்கு சம பலமுள்ளவர்கள் ஆடும்போது, அடுத்த மூன்று ஆட்டத்தையும் யாரோ ஒருவரே வெல்லும் வாய்ப்பு 16-க்கு 1. ராத்திரி முழுக்க ஆடினால் அப்படி ஒரு ஓட்டம் வரத்தான் செய்யும். கேட்க வேண்டியது வேறு: யார் சீட்டு போடும்போது யார் ஜெயிக்கிறார்? அடுத்தவர் போடும்போது சாதாரணமாக ஆடி, தானோ நண்பரோ போடும்போது மட்டும் பெரிய ஆட்டம் பிடிக்கிறவரின் கணக்கைத்தான் தாளில் எழுத வேண்டும்.

வாயால் குற்றம் சாட்டுவதற்கு அவசரப்படாதீர்கள். 1890-இல் இங்கிலாந்தின் டிரான்பி கிராஃப்ட் மாளிகையில், பிற்காலத்தில் மன்னரான வேல்ஸ் இளவரசரே உட்கார்ந்திருந்த பாக்கரா என்ற சீட்டுச் சூதாட்ட மேசையில், சர் வில்லியம் கார்டன்-கம்மிங் முடிவு தெரிந்தபின் காயின்களைக் கூட்டுகிறார், குறைக்கிறார் என்று சிலர் சொன்னார்கள். மறுநாள் இரவு மேசையில் சாக்பீஸால் கோடு போட்டுப் பந்தயம் கோட்டைத் தாண்டி இருக்க வேண்டும் என்று ஏற்பாடானது. அது சரியான யோசனை. ஆனால் அதோடு நிற்காமல் அவரைத் தனியே அழைத்து, இனிச் சீட்டைத் தொடமாட்டேன் என்று எழுதி வாங்கினார்கள், விஷயம் கசிந்தது, 1891-இல் வழக்கானது. ஜூரி 13 நிமிடத்தில் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அவர் சாகும்வரை மறுத்தார். உண்மையில் ஏமாற்றினாரா என்று இன்றும் வாதிடுகிறார்கள்.

நீங்கள் கோடு போடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பந்தயத்துக்கு ஒரு எல்லை, கைபேசிக்கு ஒரு கூடை, அடியில் ஒரு அட்டை, வெட்டுக்கு ஒரு ஒழுங்கு, ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இடம் மாறி உட்காருவது. இவற்றை யாரையும் சுட்டாமல், ஆட்டம் தொடங்குமுன், எல்லோருக்குமாகச் சொல்லுங்கள். ஒழுங்காக ஆடுகிறவர்கள் தோளைக் குலுக்கிவிட்டுச் சரி என்பார்கள். இரண்டு பேர் மட்டும் இடம் மாற மறுத்து, எங்களை நம்பவில்லையா என்று சண்டைக்கு வந்தால் அவர்களிடம் மல்லுக்கட்டாதீர்கள். விட்ட பணத்தை மீட்க இன்னொரு ஆட்டம் போடவும் வேண்டாம். கணக்கை முடித்துக்கொண்டு எழுந்துவிடுங்கள். உங்களோடு தோற்றுக்கொண்டிருந்த மற்றவரிடம், குறித்து வைத்த தாளை அடுத்த நாள் தனியாகக் காட்டுங்கள்.